மருத்துவமனையில் கிடந்த அம்மா உங்கள் பதிவேட்டில் இட்லி சாப்பிட்டிருக்கிறார்

அனுப்புநர்: கோவை கிளை 7ஆம் அறையில் தங்கியிருந்தவரின் மகள், சென்னை.
பெறுநர்: மேலாண்மை இயக்குநர், முதியோர் இல்லத் தலைமை அலுவலகம்.
பொருள்: இன்சுலின், படுக்கைப் புண், பொய்யான பராமரிப்புப் பதிவுகள் குறித்த புகார்.

ஐயா,

உங்கள் கிளை மேலாளர் அனுப்பிய பூங்கொத்தும், "ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்ற மின்னஞ்சலும் கிடைத்தன. நடந்ததற்குப் பெயர் சிரமம் இல்லை. அதனால்தான் நேராக உங்களுக்கே எழுதுகிறேன்.

அம்மாவுக்கு வயது 81. முப்பது வருடமாகச் சர்க்கரை. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனபிறகு தானாகப் புரண்டு படுக்க முடியாது. சேர்க்கும்போதே இதையெல்லாம் எழுதிக் கொடுத்தோம். முன்பணம் 3 லட்சம், மாதம் 42,000 ரூபாய், 14 மாதம் ஒரு நாள் தாமதிக்காமல் கட்டினோம்.

கடந்த மாதம் 9ஆம் தேதி காலை ஏழு மணிக்கு எனக்குப் போன் வந்தது. பேசியது உங்கள் ஊழியர் இல்லை. பக்கத்துக் கட்டில் டீச்சரம்மா. "உங்கம்மாவுக்கு வேர்த்து ஊத்துது கண்ணு, என்னமோ உளர்றாங்க, மணி அடிச்சா ஒருத்தரும் வரமாட்டேங்கறாங்க" என்றார். வரவேற்பறைக்கு மூன்று முறை அழைத்தேன். "தூங்கறாங்க மேடம்" என்று பதில் வந்தது. பீளமேட்டில் இருக்கும் சித்தப்பா மகனை எழுப்பி அனுப்பினேன். அவன் 108ஐ வரவழைத்து 7.50க்கு அவசரப் பிரிவில் சேர்த்தான். சர்க்கரை 46. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து என்பது சர்க்கரை நோயாளி இருக்கும் எந்த வீட்டிலும் தெரியும். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றியபிறகுதான் அம்மா என் தம்பியின் முகத்தை அடையாளம் கண்டார்.

காரணம் பெரிய மர்மம் இல்லை. முதல்நாள் இரவு அம்மா தட்டைத் தொடவே இல்லை என்று டீச்சரம்மா சொல்கிறார். ஆனாலும் இரவு ஊசி போட்டிருக்கிறார்கள். காலை ஊசியை 5.30க்கே போட்டுவிட்டார்கள், ஏனென்றால் நைட் டியூட்டி நர்ஸ் கிளம்புவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். உங்கள் சமையலறையிலிருந்து டிபன் வருவதோ 8.15க்கு. ஊசி போட்டால் அரை மணிக்குள் சாப்பிடக் கொடுங்கள் என்று அம்மாவின் டாக்டர் எழுதிய சீட்டு உங்கள் ஃபைலிலேயே இருக்கிறது. ஊசி நேரத்தை ஷிப்ட் தீர்மானிக்கிறது, சாப்பாட்டு நேரத்தைச் சமையலறை தீர்மானிக்கிறது. நடுவில் என் அம்மா.

மருத்துவமனை வார்டில் அம்மாவின் உடம்பு துடைக்கத் திருப்பிய நர்ஸ் ஒருநிமிஷம் பேசவில்லை. வால் எலும்புக்கு மேலே ஐந்து ரூபாய் நாணய அளவுக்குப் புண். உள்ளே கொழுப்பு தெரிகிற ஆழம்; மூன்றாம் நிலை என்று எழுதினார்கள். முதலில் தோல் சிவக்கும், அழுத்தினாலும் அந்தச் சிவப்பு மறையாது, பிறகுதான் தோல் உரியும். தினமும் டயபர் மாற்றுகிறவர் கண்ணில் இது படாமல் போகவே முடியாது. மாற்றியிருந்தால்.

இதுவரை சொன்னதை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டு மன்னிக்கக்கூட முயன்றிருப்பேன். ஆறு நாள் கழித்து ஃபைலை வாங்க உங்கள் இல்லத்துக்கு வந்தபோதுதான் வேறொன்று தெரிந்தது. 9ஆம் தேதிக்கான தாளில் காலை 8, 10, 12 மணிக்கு "வலப்பக்கம், இடப்பக்கம், மல்லாந்து" என்று மாற்றிப் படுக்கவைத்ததாக டிக் அடித்துக் கையெழுத்து இருக்கிறது. 8.15க்கு "இட்லி 3, முழுதும் சாப்பிட்டார்" என்று இருக்கிறது. அந்த நேரத்தில் அம்மா ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு கிடந்தார்.

சர்க்கரைப் பக்கத்தைப் புரட்டினேன். 138, 142, 140 என்று கணக்கு வாத்தியார் போட்டதுபோல ஒழுங்கான எண்கள். நாங்கள் வாங்கிக் கொடுத்த குளுக்கோமீட்டரில் பழைய அளவுகள் தேதியோடு பதிந்திருக்கும் என்பதை உங்கள் ஆட்கள் மறந்துவிட்டார்கள் போலும். அதில் கடைசியாக இருப்பது 31ஆம் தேதி அளவு. அதற்குப்பின் ஒன்பது நாள் யாரும் விரலில் குத்தவே இல்லை. ஸ்ட்ரிப்புக்கு மட்டும் மாதாமாதம் பில் வந்தது.

கையெழுத்திட்ட உதவியாளரை நீக்கிவிட்டதாக மேலாளர் பெருமையாகச் சொன்னார். நான் அதைக் கேட்கவில்லை. இருபது வயதுகூட ஆகாத அந்தப் பெண் தனி ஆளாக இரவில் 16 பேரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அத்தனை பேரையும் புரட்டிப் போடுவது ஒருத்தியால் ஆகிற காரியமா? "அந்தப் புள்ளய ஒண்ணும் சொல்லாத கண்ணு, ஒண்டியா என்ன பண்ணுவா" என்று அம்மாவே சொல்லிவிட்டார். அவளை அங்கே தனியாக நிறுத்தியவர் யார், தாளை நிரப்பி வை என்று சொன்னவர் யார் என்பதுதான் என் கேள்வி.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று. அங்கே இன்சுலின் போட்டுக்கொள்ளும் மற்றவர்களுக்கு ஊசி நேரத்தையும் டிபன் நேரத்தையும் ஒன்றாக்குங்கள்; ஊசிக்குமுன் சர்க்கரை பாருங்கள். எனக்குப் பதில் எழுதுவதற்கும் முன்பு இதைச் செய்யுங்கள். அடுத்து, அந்த மாதத்தின் டியூட்டி அட்டவணை நகலும், உங்கள் இல்லத்தின் பதிவுச் சான்றிதழ் நகலும் வேண்டும். 8, 9 தேதிகளின் நடைபாதை கேமராப் பதிவை அழிக்காமல் வையுங்கள். மருத்துவச் செலவு முழுவதையும் முன்பணத்தையும் 15 நாளுக்குள் தர வேண்டும். மேலாளர் நீட்டிய "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற படிவத்தில் கையெழுத்துப் போடமாட்டேன்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்றே சொல்கிறது. புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம் என்பதால் நான் கோவைக்கு அலைய வேண்டியதில்லை. சென்னை மாவட்ட ஆணையத்திலேயே மனு கொடுப்பேன். முதியோர் உதவி எண் 14567இல் ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். இக்கடிதத்தின் நகல் கோவை மாவட்டச் சமூக நல அலுவலருக்கும் போகிறது.

குளுக்கோமீட்டரைத் திருப்பிக் கேட்டு நேற்றும் போன் வந்தது. அது எங்களுடையது, என்னிடமே இருக்கும். அம்மாவின் ஆறு சேலை, சிறிய ரேடியோ, வெள்ளிக் குங்குமச்சிமிழ் மூன்றும் 7ஆம் அறை அலமாரியில் இருக்கின்றன. சனிக்கிழமை காலை தம்பி வந்து எடுத்துக்கொள்வான். அவன் டீச்சரம்மாவையும் பார்த்துவிட்டுத்தான் போவான். வாசலில் தடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
7ஆம் அறை அம்மாவின் மகள்

இணைப்பு: மருத்துவமனை டிஸ்சார்ஜ் சுருக்கம், புண்ணின் படங்கள், பராமரிப்புத் தாள் நகல்கள், குளுக்கோமீட்டர் திரையின் படங்கள்.