சத்தம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பல ஆண்டுகளாக டிடிபி நிலையம் நடத்தி வருபவன் என்ற முறையில், பழைய டெஸ்க்டாப் கணினிகளில் எழும் சத்தங்களைப் பழுதுபார்க்கும் கடைகள் கையாளும் விதம் குறித்துத் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். கணினி சத்தம் போடுகிறது என்று கொண்டுபோனால், எந்தப் பாகத்திலிருந்து வருகிறது என்று காது கொடுத்துக் கேட்பதற்கு முன்பே, "ரொம்பப் பழசு, மாற்றிவிடுங்கள்" என்றோ, "ஃபார்மட் அடித்தால் சரியாகிவிடும்" என்றோ சொல்லிவிடுகிறார்கள். ஃபார்மட் என்பது டிஸ்க்கில் உள்ளதை அழித்துப் புதிதாக அமைப்பது. ஃபேன் சுழலத் தாங்கும் பேரிங் தேய்ந்துபோயிருந்தால், ஃபார்மட் செய்வதால் அது சரியாகாது. கோப்புகள் சேமிக்கப்படும் ஹார்டு டிஸ்க் பழுதாகிக்கொண்டிருக்கும்போது அதைச் செய்தால், மீட்டிருக்கக்கூடிய கோப்புகளும் கைவிட்டுப் போகும்.

எனக்குத் தெரிந்த பத்திர எழுத்தர் ஒருவருக்கு அண்மையில் இதுதான் நேர்ந்தது. அவருடைய கணினியில் "டிக், டிக்" என்று சீரான இடைவெளியில் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கடையில் ஃபார்மட் செய்து கொடுத்தார்கள். சில நாட்களில் டிஸ்க் முற்றிலும் நின்றுபோனது. பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த பத்திர வரைவுகள் அத்தனையும் போயின.

அந்த "டிக்" சத்தத்தை எவரும் அலட்சியப்படுத்தக் கூடாது. டெஸ்க்டாப்பில் உள்ள ஹார்டு டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 7200 முறை சுழல்கிறது. அதன் மேல் சில நானோமீட்டர் இடைவெளியில், தட்டைத் தொடாமல், படிக்கும் முனை நகர்கிறது. தான் தேடும் தடத்தைக் கண்டுபிடிக்க முடியாதபோது அந்த முனை புறப்பட்ட இடத்துக்கே திரும்பி, மறுபடியும் முயல்கிறது. அந்தப் போக்குவரத்துதான் நமக்கு "டிக், டிக்" என்று கேட்கிறது. கோப்பு திறக்கும்போது மட்டும் எழும் மெல்லிய கரகரப்பு இயல்பானது, அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஒரே தாளத்தில் விடாமல் தட்டும் சத்தம் புதிதாகத் தொடங்கினால் உடனே கணினியை நிறுத்திவிட வேண்டும். கோப்புகளுக்கு வேறு பிரதி இல்லையென்றால், திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பதே சேதத்தைக் கூட்டும். யூபிஎஸ் பேட்டரி செத்துப்போன நிலையில், ஒவ்வொரு மின்வெட்டிலும் அந்த முனை அவசர அவசரமாக ஒதுங்க வேண்டியிருப்பதால் பழைய டிஸ்க்குகளின் ஆயுள் இன்னும் குறைகிறது.

பெரும்பாலான சத்தங்கள் இவ்வளவு ஆபத்தானவை அல்ல. அவை ஃபேனிலிருந்து வருபவை. காலையில் முதன்முதலாக இயக்கும்போது கரகரத்துப் பிறகு அடங்கினால், ஃபேன் பேரிங்கின் எண்ணெய் வறண்டிருக்கும். சில நூறு ரூபாயில் புது ஃபேன் மாட்டிவிடலாம். கடலோரத்தில் இருக்கும் நமக்கு இந்தத் தொல்லை கூடுதல். தேவனாம்பட்டினம், முதுநகர்ப் பக்கத்திலிருந்து வரும் கணினிகளைத் திறந்தால், கேபினட் திருகுகள் துருவேறி, சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் அலுமினியத் தகடுகளில் வெண்பொடி பூத்து, உப்புக் காற்றின் ஈரத்தில் தூசி கெட்டியாக அப்பியிருப்பதைக் காணலாம். காற்றுப் போக வழியில்லாததால் சூடு ஏறுகிறது, சூட்டைத் தணிக்க ஃபேன் முழு வேகத்தில் இரைகிறது. அங்கே மாற்ற வேண்டியது கணினியை அல்ல, தூசியைத்தான் முதலில் அகற்ற வேண்டும். உள்ளே தளர்ந்த ஒயர் ஒன்று ஃபேன் இறக்கையில் உரசி "டர்ர்" என்று அலறியதையும் பார்த்திருக்கிறேன். ஒயரை ஒதுக்கி ஒரு டேக் போட்டுக் கட்டியதோடு அந்தச் சத்தம் நின்றது.

டிஸ்க்கா, ஃபேனா என்று பிரித்தறிவது கடினமல்ல. மின் இணைப்பைத் துண்டித்து, டிஸ்க்குக்குப் போகும் பவர் கேபிளை மட்டும் கழற்றிவிட்டு மறுபடி ஆன் செய்தால், விண்டோஸ் வராது, ஆனால் சத்தம் தொடர்கிறதா என்பது தெரிந்துவிடும். தொடர்ந்தால் டிஸ்க் காரணமல்ல. தாளைக் குழலாகச் சுருட்டிக் காதில் வைத்து, இறக்கைகளில் படாமல் ஒவ்வொரு ஃபேனின் அருகிலும் பிடித்தால், எது என்று சொல்லிவிடலாம். கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியிலிருந்து சத்தமோ தீய்ந்த வாடையோ வந்தால் மட்டும் எவரும் அதைத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும்.

ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக இப்போது பலரும் மாறிவரும், சிப்புகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லை. அது சத்தமின்றியே பழுதாகும். பழைய டிஸ்க்காவது போவதற்கு முன் பல நேரங்களில் குரல் கொடுக்கிறது. அந்தக் குரலைக் கேட்டும் கோப்புகளைக் காப்பாற்றாமல் விடுவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

ஆகவே கடலூர், புதுச்சேரி வட்டாரக் கடைக்காரர்களுக்கு என் வேண்டுகோள் இது: சத்தம் எந்தப் பாகத்திலிருந்து வருகிறது என்பதை ரசீதில் எழுதிக் கொடுங்கள், டிஸ்க்கில் கை வைப்பதற்கு முன், கோப்புகளுக்கு வேறு பிரதி இருக்கிறதா என்று வாடிக்கையாளரிடம் கேளுங்கள், கழற்றிய பாகத்தை அவரிடமே திருப்பிக் கொடுங்கள். ஐடிஐ, பாலிடெக்னிக் ஆசிரியர்கள், பழுதான ஃபேன்களையும் டிஸ்க்குகளையும் தூக்கி எறியாமல் ஆய்வகத்தில் ஓடவிட்டு, சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்ல மாணவர்களைப் பழக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டிடிபி நிலைய உரிமையாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.