கயலுக்குப் பெண் பிறந்திருக்கிறாள்

கோவை

அன்புள்ள விஜயா,

கயலுக்குப் பெண் குழந்தை. சுகப்பிரசவம்தான், பிறந்தபோது 2.9 கிலோ. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்ல வந்தது போனில் அடங்காது, நீயும் குறுக்கே பேசியே ஆளைத் திசை திருப்பிவிடுவாய். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அண்ணனைக் கேட்டதாகச் சொல். லில்லி மகன் கல்யாணத்துக்கு வரவில்லை என்று அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள், நீதான் சமாளிக்க வேண்டும்.

தலைப்பிரசவத்துக்கு ஊருக்கு வா என்று எவ்வளவோ கூப்பிட்டேன். கயல் கேட்கவில்லை. ஏழாம் மாதமே ஒரு டூலாவை ஏற்பாடு செய்துவிட்டாள். பிரசவத்துக்குத் துணை இருப்பதையே தொழிலாக வைத்திருக்கும் பெண். வைத்தியம் பார்ப்பது, ஊசி போடுவது எதுவும் அவள் வேலையில்லை. வலி எடுத்ததிலிருந்து பிள்ளை பிறந்து பால் குடிக்கும் வரை கூடவே இருப்பாள், அப்புறம் வீட்டுக்கும் வந்து பார்ப்பாள். சம்பந்தியம்மாளுக்கு இது பெரிய மனக்குறை. "பெற்றவள் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது காசு கொடுத்து ஒருத்தியா?" என்று என்னிடமே கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பிரசவ அறையில் பதில் கிடைத்தது. ஒவ்வொரு வலிக்கும் அந்தப் பெண் கயலின் இடுப்பை இரண்டு பக்கமும் உள்ளங்கையால் சேர்த்து அழுத்திப் பிடித்தாள். நடக்க வைத்தாள், பெரிய ரப்பர் பந்தின் மேல் உட்காரவைத்தாள், வலி விட்ட நேரத்தில் ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்தாள். மூலையில் விழித்துக்கொண்டு நின்ற மருமகனைக் கூப்பிட்டு எங்கே பிடிக்க வேண்டும் என்று காட்டினாள். கயல் "என்னால் முடியாது, ஆபரேஷன் பண்ணச் சொல்லுங்க" என்று அலறியபோது எனக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. அவள் மட்டும் அசரவில்லை. "இப்போ வந்த வலி போயாச்சு, அது திரும்ப வராது. அடுத்ததைப் பார்ப்போம்" என்றாள். பெற்ற தாய்க்கு அந்த நிதானம் வராது விஜயா. மகள் துடித்தால் அதை உடனே நிறுத்தத்தான் நமக்குத் தோன்றும்.

அதற்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். 1980இல் குவாத்தமாலாவில் நடந்த ஓர் ஆய்வு இருக்கிறது. தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்களில் சிலருக்கு மட்டும் கூடவே இருக்க ஒரு பெண்ணை விட்டார்கள். அவள் நர்ஸும் இல்லை, சொந்தமும் இல்லை, அன்றுதான் முதன்முதலாகப் பார்த்த முகம். சிக்கலில்லாத பிரசவங்களை ஒப்பிட்டால், துணை இருந்தவர்களுக்கு வலி நேரம் பாதிக்கும் கீழே. பிறந்த பிள்ளையைத் தடவுவதும் பார்த்துச் சிரிப்பதும் பேசுவதும்கூட அந்தத் தாய்மார்களிடம் அதிகமாம். பிறகு 17 நாடுகளில் 15,000க்கு மேற்பட்ட பெண்களிடம் செய்த ஆய்வுகளைச் சேர்த்து 2017இல் ஓர் அறிக்கை வந்தது. துணை இருந்தால் சுகப்பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது என்றுதான் அதுவும் சொல்கிறது. சிசேரியனை நான் குறை சொல்லவில்லை, வேண்டிய நேரத்தில் அது இரண்டு உயிரைக் காப்பது. ஆனால் தமிழ்நாட்டில் 2019-21 கணக்கெடுப்பில் 100 பிரசவத்துக்குக் கிட்டத்தட்ட 45 சிசேரியன். அத்தனையும் வேண்டிய நேரம்தானா?

இந்த இடத்தில் நீ வேலை பார்த்த பழைய லேபர் வார்டுதான் ஞாபகம் வந்தது. நம் அரசு ஆஸ்பத்திரிகளில் ஒரு பெண் துணையைப் பிரசவ அறைக்குள் விடலாம் என்பது 2004லேயே வந்துவிட்டது. 2016இல் மத்திய அரசும் விதி போட்டது: துணைக்கு வருபவள் பிள்ளை பெற்றவளாக இருக்க வேண்டும், தொற்றுநோய் இருக்கக்கூடாது, சுத்தமான துணி உடுத்த வேண்டும், முடியும் வரை கூடவே இருக்க வேண்டும், ஊழியர் வேலையில் தலையிடக்கூடாது. நல்ல விதிதான். ஆனால் உள்ளே போகும் அத்தைக்கோ மதினிக்கோ என்ன செய்ய வேண்டும் என்று யார் சொல்லித்தருகிறார்கள்? பயந்துபோய் அவளும் சேர்ந்து அழுவாள், இல்லையென்றால் "நாங்க பெறலையா?" என்று அதட்டுவாள். நர்ஸுகளையும் நான் திட்டமாட்டேன். ஒரே நேரத்தில் நாலு பேருக்கு வலி எடுத்தால் யார் முதுகைத் தடவுவது என்று நீதானே சொல்வாய்.

இதோடு முடிந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். பிறந்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் தொட்டிலைத்தான் எட்டிப் பார்த்தார்கள். பூண்டுக் குழம்பு, பிரசவ லேகியம், பால் சுரக்கக் கருவாடு என்று பத்தியத்துக்குக் குறைவில்லை. மூன்றாம் நாள் கயல் அழுதாள், எல்லோரும் அழுவதுதான் என்றார்கள். மார்க்காம்பு வெடித்து, பிள்ளை வாய் வைத்தாலே பல்லைக் கடித்தாள். டூலாதான் வந்து குழந்தையின் வாயை அகலத் திறக்கவைத்து, காம்பு மட்டும் போகாமல் கருவளையத்தோடு கவ்வ வைத்தாள். அது சரியாயிற்று. அழுகை மட்டும் நிற்கவில்லை. மூன்றாம் வாரம் ஒரு மத்தியானம் குழந்தை நன்றாகத் தூங்குகிறது, இவள் கண் கொட்டாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். டூலா பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நீ கடைசியா எப்போ தூங்கினே? சாப்பாடு பிடிக்குதா? செத்துப்போகலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டாள். என் முன்னால்தான் கேட்டாள். எனக்கு உடம்பு சில்லிட்டுவிட்டது. கயல் உடைந்து அழுதாள். "இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் டாக்டரிடம்தான் போக வேண்டும், நான் கூட வருகிறேன்" என்று மறுநாளே கூட்டிப்போனாள்.

வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளை பெற்ற பெண்களைப் பார்த்து எழுதிய ஆய்வு 2002இல் வந்திருக்கிறது. 100 பேரில் 11 பேருக்குப் பிரசவத்துக்குப் பிறகு இந்த மனச்சோர்வு வந்ததாம். வறுமை, ஆண் பிள்ளையை எதிர்பார்த்துப் பெண் பிறப்பது, மாமியாரோடு சச்சரவு, பெற்றோரோடு மனக்கசப்பு என்று காரணங்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, ஒத்தாசைக்கு ஆள் இல்லாததையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். அந்த வரியை இரண்டு முறை படித்தேன். நம் கமலாவை அந்தக் காலத்தில் பேய் பிடித்தது என்று வேப்பிலை அடித்தார்களே, அப்போது அவளுக்குப் பிள்ளை பிறந்து எத்தனை நாள்?

கயல் இப்போது தேறிவருகிறாள். டாக்டர் வாராவாரம் பார்க்கிறார். ராத்திரி ஒரு முறை மருமகனும் ஒரு முறை நானும் எழுந்து குழந்தைக்குத் துணி மாற்றுகிறோம், கயல் பால் கொடுத்துவிட்டுத் தூங்கிவிடுகிறாள். நேற்று என்னிடம் சண்டை போட்டாள், சந்தோஷமாக இருந்தது.

இனி உன் விஷயம். ரிட்டயர் ஆனதிலிருந்து பொழுது போகவில்லை என்று சீரியல் கதை சொல்லியே என் காதை அறுக்கிறாய். லேபர் வார்டில் தலைமுடி நரைத்தவள் நீ. டூலாக்களுக்குப் பயிற்சி தருகிறார்கள், விசாரித்துவிட்டேன். பாளையங்கோட்டையில் உன்னைப்போல் ஒருத்தி இருந்தால் எத்தனை வீட்டுக்கு உதவும்! பிரசவத்துக்குக் கூடப் போக முழங்கால் இடம் தராவிட்டால், பிறந்த பிறகு வீடு வீடாகப் போய்ப் பெற்றவளைப் பார். சைக்கிளில் மூன்று பேர் போனவர்கள் நாம், ஆட்டோவில் போக உனக்கு என்ன?

முடியாது என்று பதில் எழுதாதே, படிக்கமாட்டேன். கயல் உன்னோடு பேச வேண்டும் என்கிறாள். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் கூப்பிடு, அதற்கு முன்னால் அவள் தூங்கட்டும்.

உன்
தமிழ்