விக்டரி கப்பல் பக்கத்தில் சந்தித்த பெரியவருக்கு

1805இல் பிரிட்டிஷ் கடற்படை பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்களை வென்ற ட்ரஃபால்கர் போர்க்காலத்து மாலுமிகளாகவும் மரைன் (கப்பற்படைச் சிப்பாய்) வீரர்களாகவும் வேடமிட்டு நடித்துக் காட்டும் குழு ஒன்றில் போன மாதம் சேர்ந்தேன். முதல் நிகழ்ச்சி இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில், அந்தப் போரில் தளபதி நெல்சன் இருந்த விக்டரி கப்பலின் பக்கத்தில். எனக்கு மரைன் வேடம். சிவப்புக் கம்பளிக் கோட்டு, மார்பில் குறுக்காக வெள்ளை வார், தலையைக் குனியவே விடாத கறுப்புத் தோல் கழுத்துப்பட்டை. எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டேன், ஷூவைத் தவிர. அந்தக் காலத்து ஷூவில் இடது வலது கிடையாது, இரண்டும் ஒரே அச்சு. ஒரு மணி நேர அணிவகுப்பில் இரண்டு குதிகாலும் கொப்புளம்.

முதல் நாளே நொண்டினால் மானம் போகுமே என்று ஒரு பீப்பாய்க்குப் பின்னால் ஒதுங்கினேன். நரைமுடியைப் பின்னல் போட்டிருந்த நீங்கள் கேட்காமலே வந்து மண்டியிட்டீர்கள். பிளாஸ்திரி ஒட்டினீர்கள் (1805இல் ஏது பிளாஸ்திரி என்று கண்சிமிட்டல் வேறு). குதிகால் பக்கம் ஆட்டு ரோமத்தைத் திணித்தீர்கள். அப்புறம் இடது காலில் இருந்த ஷூவை வலது காலில் மாட்டி, "தினமும் மாற்றி மாற்றிப் போடு" என்றீர்கள்.

இந்த முகத்துக்கு இந்த வேடம் பொருந்துமா என்ற என் கூச்சத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்களோ! எதிரே நின்ற விக்டரியைக் காட்டி, "அன்று அதில் 800 பேருக்கு மேல். பெயர்ப் பதிவேட்டில் இந்தியாவில் பிறந்தவர்களும் உண்டு" என்றீர்கள். பெயர் கேட்பதற்குள் முரசு அடித்துவிட்டது.

ஐயா, உங்களுக்குத் தமிழ் தெரியாது. உங்களைத் தெரிந்த யாராவது இதைப் படித்தால் உங்களிடம் சொல்லட்டும். அந்த ரோமம் இன்னும் என் ஷூவுக்குள்தான் இருக்கிறது.