குற்றம் செய்யாத ஆக்களுக்கு என்ன பயமாம்?

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு,

போன ஞாயிறு பேப்பரில, நோயாளியளைத் தொட்டுப் பராமரிக்கிற எல்லாருக்கும் பொலிஸ் ரிப்போட், அதாவது ஆளில குற்றப் பதிவு இருக்கோ எண்டு பொலிஸ் குடுக்கிற கடதாசி, கட்டாயமாக்க வேணும் எண்டு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்கள். முழுக்க வாசிச்சன். நல்ல விசயம்தான், நான் எதிர்ப்பெண்டு எழுத வரேல்ல. ஆனா கடைசியில ஒரு வரி, "குற்றம் செய்யாதவர்கள் இதற்கு அஞ்சத் தேவையில்லை" எண்டு. எழுதினவருக்கு அது சும்மா ஒரு முடிவு வரி. வன்னியில இருக்கிற எங்களுக்கு இந்த வசனத்தை முந்தி ஆரார் சொன்னவை எண்டு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செக்பொயின்ரில சொன்னவை, செட்டிக்குளத்து முகாமில சொன்னவை, பிறகு வீடு வீடா வந்து குடும்பத்தோட நிப்பாட்டிப் படம் எடுத்தவையும் அதைத்தான் சொன்னவை. இப்ப எங்கட பேப்பரும் சொல்லுது, சந்தோசம்.

நான் வீட்டில இருந்து கதை அளக்கிற ஆள் இல்லை. அம்மாவுக்கு பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்து, கதையும் நிண்டு போய் ஆஸ்பத்திரியில கிடந்தவ. எந்த ஆஸ்பத்திரி எண்டு எழுதேல்ல, எழுதினா நாளைக்கு கிளினிக் கொப்பியோட நான்தான் அங்க போய் நிக்க வேணும். பகலில நான் நிண்டன், ராவில நிக்க எனக்கு ஏலாது, வீட்டில சின்னதுகள். அப்ப ஆள் விடுற ஒரு கம்பனிக்குக் காசு கட்டி ஒரு மனுசியைப் பிடிச்சம். நல்ல வாய், "அம்மா அம்மா" எண்டு தேன் ஒழுகும். ஒருநாள் காலமை போய்ப் பாத்தா அம்மாவின்ர இடது காதில தோடு இல்லை, அதின்ர சுரை மட்டும் தலகாணி உறைக்குள்ள கிடக்குது. சட்டையை மாத்துவமெண்டு கையைத் தூக்கினா கக்கத்துக்குக் கிட்ட, உள்பக்கமா, விரல் பதிஞ்ச மாதிரி நீலம். பம்பஸ் மாத்த பிரட்டேக்க பிடிச்சிருப்பினம் எண்டு ஒரு மிஸ் சொன்னா, இருக்கலாம், நான் மறுக்கேல்ல. ஆனா அந்த மனுசி வாட்டுக்குள்ள வந்தா அம்மா ஏலுமான கையால சீலையை இழுத்து இழுத்து மூடினதை நான் கண்ணால கண்டனான். வாய் பேசாத ஆளுக்கு அதுதான் வாக்குமூலம்.

கம்பனிக்காரரிட்டப் போய்க் கேட்டன். என்ன சொன்னவை தெரியுமோ? "அக்கா, அவவுக்கு பொலிஸ் ரிப்போட் இருக்கு, விதானையார் குடுத்த நற்சான்றும் இருக்கு, பிரதேச செயலாளர் ஒப்பம் வச்சிருக்கிறார், பாருங்கோ" எண்டு பைலைத் திறந்து காட்டினவை. சீல் எல்லாம் வடிவா குத்தியிருக்கு. அம்மாவின்ர தோட்டை அந்த சீலோட ஒட்டி வச்சிருந்தா இன்னும் வடிவா இருந்திருக்கும். பொலிசுக்குப் போகேல்லையோ எண்டு கேப்பீங்கள். போனன். கண்ட சாட்சி இருக்கோ எண்டு கேட்டிச்சினம், கண்ட சாட்சிக்குக் கதை வராது எண்டன், எழுதாமலே அனுப்பிட்டினம். அம்மாவை ரிக்கற் வெட்டிக் கூட்டிக்கொண்டு வந்தம். கொஞ்சக் காலத்தால மாமியைப் பாக்க வேற ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனா அதே மனுசி அங்க நிக்குது, வேற கம்பனியின்ர சேட் போட்டுக்கொண்டு. என்னைக் கண்டிட்டுச் சிரிச்சவ வேற.

ஐயா, பொலிஸ் ரிப்போட்டில என்ன வரும்? முறைப்பாடு எழுதுப்பட்டு, வழக்காகி, தீர்ப்பானா வரும். எழுதாத முறைப்பாடு எதில வரும்? உங்கட கட்டுரையில அமெரிக்காவைப் பெரிசா எழுதியிருந்தீங்கள். அங்கயே சாள்ஸ் கலன் எண்டு ஒரு ஆண் நேர்ஸ், 2003 இல பிடிபட்டவன், 29 கொலையை கோட்டில ஒப்புக்கொண்டவன். 16 வருசமா ஆஸ்பத்திரி மாறி ஆஸ்பத்திரி வேலை செய்தவன். ஆஸ்பத்திரியளுக்கு சந்தேகம் இருந்தது, ஆனா வாயைத் திறக்காம அடுத்த இடத்துக்குத் தள்ளி விட்டவை. ஒரு இடத்தில சந்தேகப்பட்ட ஆளைப் பற்றி அடுத்த இடத்துக்குச் சொல்ல வேணும் எண்டு நியூ ஜேர்சியில சட்டம் கொண்டு வந்தது அதுக்குப் பிறகுதான். அதை எழுதுங்கோவன். எங்கட கம்பனியள் செய்யிறதும் அதே வேலைதான், சேட் நிறம் மட்டும் வேற.

இனி மற்றப் பக்கத்தைக் கேளுங்கோ. எங்கட ஒழுங்கையில ஒரு பிள்ளை இருக்கிறாள், பேர் வேண்டாம். 2009 மாசியில புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரிக்கு செல் விழுந்து, காயக்காரரை எல்லாம் புதுமாத்தளனுக்குக் கொண்டு போன நேரம், என்ர அண்ணாவின்ர காலைக் கழுவிக் கட்டினது அவள்தான். பள்ளிக்கூடக் கட்டடத்தில, நிலத்தில, மயக்க மருந்து கிடையாது, சீலையைக் கிழிச்சுக் கட்டினவள். அண்ணா கப்பலேறி திருகோணமலைக்குப் போய் இண்டைக்கும் நடந்து திரியிறான் எண்டா அந்தக் கைதான். பிறகு, இயக்கத்தில இருந்தவளெண்டு அவளை அரசாங்கம் புனர்வாழ்வெண்டு பிடிச்சு வச்சது. முடிச்சு வந்தவள், கோட்டில ஒரு வழக்கு இல்லை, ஒரு தீர்ப்பு இல்லை. நோயாளி பாக்கிற வேலைக்குத்தான் விருப்பம், வேற வேலையும் அவளுக்குத் தெரியாது. ஒரு கம்பனியில கேட்டவள், பொலிஸ் ரிப்போட் எடுத்து வா எண்டிச்சினம். ரிப்போட் வர முதல் விசாரணை வந்தது. ரெண்டு பேர் மோட்டச்சைக்கிளில வந்து எந்தப் பிரிவில இருந்தனீ, இப்ப ஆரோட தொடர்பு, வெளிநாட்டிலயிருந்து காசு வருதோ எண்டு கேட்டிட்டு, அப்பிடியே கம்பனிக்கும் போயிருக்கினம். அடுத்த நாள் கம்பனி "பின்னணி சரிவராது தங்கச்சி" எண்டு முடிச்சிட்டுது. இப்ப காமென்ற்ஸில பொத்தான் தைக்கிறாள். தோடு கழட்டினது சேட் போட்டுக்கொண்டு வாட்டில நிக்குது.

12,000 பேருக்கு மேல புனர்வாழ்வெண்டு எடுத்து விட்ட நாடு இது. அந்த 12,000 பேரில எத்தினை பேர் வன்னிக்குள்ள இருக்கினம் எண்டு கட்டுரை எழுதினவர் ஒரு நிமிசம் யோசிச்சவரோ?

வயசானாக்களைப் பராமரிக்கிற இடங்களுக்கு ஆள் எடுக்க முதல் பின்னணி பாக்கிற அமெரிக்கச் சட்டத்தை, 2010 இல வந்ததெண்டு நீங்கள் புகழ்ந்ததை, மகன் போனில எடுத்து வாசிச்சுக் காட்டினவன். அதில அப்பீல் இருக்கு. குற்றம் நடந்து எவ்வளவு காலம், எந்த நிலைமையில நடந்தது, இந்த வேலைக்கும் அதுக்கும் தொடர்பிருக்கோ, ஆள் திருந்தியிருக்கோ, எல்லாம் பாக்க வேணுமாம். திருந்தினதுக்கு அத்தாட்சி காட்டினா அங்க அது ஆளுக்கு சாதகம். இஞ்ச புனர்வாழ்வு முடிச்ச அத்தாட்சிப் பேப்பரை வெளிய எடுத்தாலே வேலை போகுது. இதை ஏன் விட்டனீங்கள், இடம் காணாதோ? அமெரிக்காவில நூற்றுக்கு 92 நேர்சிங் ஹோமில தண்டனை பெற்ற ஆள் ஒராளெண்டாலும் இருக்கு எண்டு கொட்டை எழுத்தில போட இடம் இருந்தது. அந்தக் கணக்கு வந்த 2011 அமெரிக்க அரச அறிக்கையில மொத்த வேலையாக்களில 5 வீதம்தான் அப்பிடி எண்டும் இருக்கு, அதிலயும் 44 வீதம் களவு மாதிரி சொத்துக் குற்றம். அதுக்கு இடம் இல்லை.

என்ர தங்கச்சி ரொறன்ரோவில வயசானாக்களைப் பராமரிக்கிற ஹோமில வேலை. அவளும் பொலிஸ் செக் குடுத்துத்தான் சேர்ந்தவள். பிள்ளையள், வயசானாக்கள், ஏலாதாக்களோட வேலை செய்யிறவைக்கெண்டு தனி செக், மன்னிச்சு மறைச்ச பாலியல் குற்றமும் அதில வெளிய வரும். அவளுக்கு ஒரு பயமும் இருக்கேல்ல. ஏனெண்டா அதில என்னத்தைப் பாப்பினம், என்னத்தைப் பாக்க மாட்டினம் எண்டு அவளுக்குத் தெரியும். எங்களுக்கு அதுதான் தெரியாது. கோட்டுத் தீர்ப்பைப் பாக்கிறீங்களோ, சிஐடியின்ர பைலைப் பாக்கிறீங்களோ? முதல்ல அதைச் சொல்லிட்டுப் பிறகு கட்டாயமாக்குங்கோ, நானே கையெழுத்து வைக்கிறன்.

பைல், லிஸ்ட் எண்டா இன்னொண்டும் ஞாபகம் வருது. 2017 மாசி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசாமி கோவிலுக்கு முன்னால இருக்கத் தொடங்கின தாய்மார் கேட்டதும் ஒரு லிஸ்ட்தான், யுத்தம் முடியேக்க ஆமியிட்ட சரணடைஞ்சு காணாமப் போன பிள்ளையளின்ர பேர் விபரம். அரசாங்கத்திட்ட அது இல்லையாம், தேட வேணுமாம். வேலைக்குப் போற பெட்டையின்ர விபரம் மட்டும் மோட்டச்சைக்கிளில வருது. அந்தத் தாய்மாரில எத்தினை பேர் கேட்டுக் கேட்டே செத்துப் போச்சினம், உங்கட பேப்பரில அந்தச் செய்தி கடைசிப் பக்கத்துக்குப் போய் எவ்வளவு காலம் எண்டும் ஒருக்காப் பாருங்கோ. முந்தி நான் அதைப் பற்றி எழுதின கடிதத்தையும் பாதியா வெட்டி, மிச்சத்தை பஸ் ஸ்ராண்ட் குப்பை பற்றினதெண்டு போட்டனீங்கள். பரவாயில்லை, குப்பையும் பிரச்சினைதான்.

இப்ப நான் கேக்கிறது பெரிசா ஒண்டும் இல்லை. வாட்டுக்குள்ள வாற எல்லாரும், கம்பனி ஆக்கள், துப்புரவு ஆக்கள், காசுக்கு நிக்கிற ஆக்கள் எல்லாரும், நெஞ்சில பேரைத் தமிழில பெரிசா எழுதிக் குத்த வேணும். அந்த மனுசியின்ர முழுப்பேர் எனக்கு இண்டைக்கும் தெரியாது, கம்பனி தரேல்ல. மற்றது, முறைப்பாடு சொல்ல ஒரு போன் நம்பரை வாட் கதவில ஒட்டச் சொல்லி எழுதுங்கோ, எடுத்தா ஆள் பதில் சொல்லுற நம்பரா இருக்கட்டும்.

கடிதத்தை இந்த முறை வெட்டாமப் போடுங்கோ. இடம் காணாட்டி பஸ் ஸ்ராண்ட் பக்கத்தில எண்டாலும் போடுங்கோ.

இப்படிக்கு,
தருமபுரத்திலிருந்து ஒரு வாசகி
(பேர் போட வேண்டாம், அம்மாவின்ர கிளினிக் இன்னும் முடியேல்ல)