சும்மா இருந்த ஏழு வருஷம்

கோமதி,

தீபாவளிக்கு அப்புறம் ஒரு வரி எழுதவில்லை, தெரியும். திட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள். எனக்கு வேலை கிடைத்துவிட்டதுடி! இங்கே பினாங்கிலேயே, பாயான் லெப்பாஸில், ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில். பிள்ளைகள் நலம், இவர் நலம், அத்தையின் முட்டிவலி அப்படியேதான்.

இண்டர்வியூவில் அந்த எச்.ஆர். பெண், நம்ம பிள்ளைதான், "இந்த ஏழு வருஷம் என்னக்கா செஞ்சீங்க?" என்றாள். என் வாய் இருக்கிறதே, "சும்மாதாம்மா வீட்ல இருந்தேன்" என்றது. அவள் அதை எழுதிக்கொண்டாள், பேனா ஓடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் மாதச் சம்பளம் 3,500 ரிங்கிட் வெள்ளி என்றாள். 2018-ல் வேலையை விட்டபோதே நான் 3,900 வாங்கினேன். அதற்கும் தேங்க்யூ சொல்லிவிட்டு லிஃப்டில் இறங்கினேன் பார், என்னை எதால் அடிப்பது?

பாலத்தில் ஜாம். கடலுக்கு நடுவில் வண்டி நிற்க, எனக்கு வயிறு எரிந்தது. சும்மாவா இருந்தேன்? 2018-ல் ஜிஎஸ்டி வரியை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்று விற்பனை, சேவை வரி கொண்டுவந்தார்களே, அந்த செப்டம்பரிலிருந்து கொழுந்தனார் பட்டறைக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வரிக் கணக்கு அனுப்புவது யார்? ஆறு பேருக்குச் சம்பளம், சேமநிதி இபிஎஃப், தொழிலாளர் காப்புறுதி சொக்சோ எல்லாம் போடுவது யார்? கூலி, எப்போதாவது ஒரு பொட்டலம் மீ கோரேங்.

மறுநாள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு போன் செய்தேன். 5,200 என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. உனக்குத்தான் தெரியுமே, யாராவது பேசாமல் இருந்தால் நானே போய் விலையைக் குறைத்துவிடுவேன், சௌராஸ்தா மார்க்கெட்டில் நீ என் கையைக் கிள்ளுவாயே. இந்தத் தடவை நானே கிள்ளிக்கொண்டேன். கடைசியில் அவள், "புது சிஸ்டமெல்லாம் உங்களுக்குப் பழக்கம் இல்லையேக்கா" என்றாள். "வரி இலாகாவுக்கு பில்லை ஆன்லைனில் அனுப்பும் இ-இன்வாய்ஸ் பெரிய கம்பெனிகளுக்கே 2024 ஆகஸ்டில்தான் வந்தது, அதை உங்க ஆபீஸில் ஏழு வருஷமா செய்தவங்க யாரும்மா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். மேலே கேட்டுச் சொல்வதாகச் சொல்லி மூன்று நாள் இழுத்து, 4,800-க்கு வந்தார்கள். 5,000-க்கு மேல் போனால் முதலாளி போடும் இபிஎஃப் 13 சதவீதத்திலிருந்து 12 ஆகிவிடும் இல்லையா, போட்டுப் பார்த்தேன்: 5,200-க்கும் 624 வெள்ளி, 4,800-க்கும் அதே 624! கேட்டது கிடைக்காத வருத்தத்தில் பாதி அதிலேயே போய்விட்டது. ஆனால் ஆபர் லெட்டர் கைக்கு வந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன், வாய்ப்பேச்சை நம்பவில்லை.

இன்னொன்று, இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இரண்டு வருஷமாவது வேலையை விட்டிருந்து திரும்பும் பெண்களுக்கு, 12 மாதச் சம்பளத்துக்கு வருமான வரி விலக்கு உண்டு, டேலண்ட்கார்ப் என்ற அரசாங்க நிறுவனத்தில் நாமே விண்ணப்பிக்க வேண்டும். பாரம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது உன் விஷயம். செந்தூலில் அந்த டியூஷன் சென்டர்காரர், வீட்டுக்குப் பக்கம்தானே என்று சொல்லி உனக்கு 1,700 கொடுக்கிறார் என்றாயே, அது சட்டப்படி கொடுத்தே ஆகவேண்டிய குறைந்தபட்சச் சம்பளம்டி, அவர் உனக்குச் செய்யும் உபகாரம் இல்லை. பத்து வருஷம் வகுப்பெடுத்தவள் நீ. அவரிடம் என்ன சொன்னாய், அப்படியே எழுது. "சும்மா" என்ற வார்த்தை அதில் இருந்தால் அடுத்த பஸ்ஸில் கோலாலம்பூர் வந்துவிடுவேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகிறேன். பழைய சேலை ரவிக்கை ஒன்றும் ஏறவில்லை, அது தனிக் கதை.

செல்வி