ஜப்பானியப் பிள்ளைகளின் எடை: மெலிவையும் எழுத வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானியப் பள்ளிகளின் மதிய உணவு குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை விருப்பத்துடன் படித்தேன். பிள்ளைகளே வெள்ளை மேலங்கியும் தொப்பியும் அணிந்து சக மாணவர்களுக்குப் பரிமாறுவதையும், ஆசிரியரும் அவர்களோடு அதே உணவை உண்பதையும் கட்டுரையாளர் நேர்த்தியாக எழுதியிருந்தார். ஆனால் அந்த உணவுமுறையால் ஜப்பானில் பிள்ளைகளின் எடைப் பிரச்சினையே தீர்ந்துவிட்டது என்ற தொனியில் அவர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. டோக்கியோவின் எடோகாவா பகுதியில் குடியிருந்து, மகளை இங்குள்ள அரசுப் பள்ளியில் படிக்கவைக்கும் தாய் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பள்ளிப் பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் 1900ஆம் ஆண்டு முதலே பதிவு செய்துவரும் நாடு இது. 1970களின் பிற்பகுதியிலிருந்து பருமனான பிள்ளைகளின் விகிதம் ஏறிக்கொண்டே போய், 2000களின் தொடக்கத்தில் உச்சத்தைத் தொட்டு, பின்னர் இறங்கத் தொடங்கியது. உணவுக் கல்விக்கான அடிப்படைச் சட்டம் இயற்றப்பட்டதும், பள்ளிகளில் ஊட்டச்சத்து ஆசிரியர் என்ற பதவி உருவாக்கப்பட்டதும் 2005இல்தான். விகிதம் திரும்பியதும் சட்டம் வந்ததும் ஏறத்தாழ ஒரே காலம்; சட்டம் பலன் தரக் காலம் பிடிக்கும் என்பதால், இறக்கம் முழுவதையும் சட்டத்தின் கணக்கில் எழுதிவிட எனக்குத் தயக்கம் உண்டு.

கணக்கிடும் முறையும் 2006இல் மாறியது. அதுவரை பிள்ளைகளின் சராசரி எடையைவிட 20 விழுக்காடு கூடுதலாக இருந்தால் பருமன் என்று கொண்டார்கள். இப்போது வயது, பாலினம், உயரம் ஆகியவற்றுக்கு உரியதென வகுத்த நிலையான எடையோடு ஒப்பிடுகிறார்கள். ஒரு சிறுமியின் வயதுக்கும் உயரத்துக்கும் உரிய எடை 40 கிலோ என்றால், 48 கிலோவும் அதற்கு மேலும் பருமன், 32 கிலோவும் அதற்குக் கீழும் மெலிவு. ஆகவே 2006க்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் ஒரே கோட்டில் இணைத்து வெற்றிக்கதை சொல்வது சரியாகாது.

கட்டுரையில் மெலிவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதே என் முதன்மையான குறை. பருமன் ஏறி இறங்கிய அதே காலத்தில், மெலிந்த பிள்ளைகளின் விகிதம் மெல்ல மெல்ல உயர்ந்தே வந்திருக்கிறது. 12 வயதுச் சிறுமிகளில் நூற்றுக்குச் சுமார் நான்கு பேர் இந்தப் பிரிவில் வருகிறார்கள். சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் இருபதுகளில் இருக்கும் ஜப்பானியப் பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரின் உடல் நிறை குறியீட்டெண் (எடையை உயரத்தோடு ஒப்பிடும் BMI அளவு) மெலிவின் எல்லையான 18.5க்கும் கீழே இருக்கிறது. இங்கே பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு ஒன்பது பேருக்கு மேல் இரண்டரைக் கிலோவுக்கும் குறைவாகப் பிறப்பதற்குப் பல காரணங்கள் உண்டென்றாலும், தாயின் மெலிவும் அவற்றுள் ஒன்று என்று மருத்துவர்கள் எச்சரித்து வருகிறார்கள். உடல் பருமனை ஆராய்வதற்கென்றே அமைந்த ஜப்பானிய மருத்துவச் சங்கம், 2025இல் இளம் பெண்களின் மெலிவைத் தனி நோய்த்தொகுதியாகக் கருத வேண்டும் என்று முன்மொழிந்தது.

பெற்றோர் வகுப்பைப் பார்வையிடும் நாளொன்றில் நானே கண்டதைச் சொல்கிறேன். பரிமாறி முடிந்தவுடன், உணவைக் குறைத்துக்கொள்ள விரும்பும் பிள்ளைகள் கிண்ணத்தோடு முன்னே வரலாம் என்றார்கள். வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் சிறுமிகள். பாதிச் சோற்றைப் பாத்திரத்திலேயே திரும்பப் போட்டுவிட்டு இடத்துக்குப் போனார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அவர்களில் ஒருத்திகூடப் பருமனானவள் அல்லள். ஊட்டச்சத்து ஆசிரியர் கிராம் கணக்கில் வகுத்த உணவு, உண்ணப்பட்டால்தானே உடலில் சேரும்?

பருமனும் முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. 2011 நிலநடுக்கத்துக்கும் அணு உலை விபத்துக்கும் பிறகு, கதிர்வீச்சு அச்சத்தால் வெளியே விளையாட முடியாமல் போன ஃபுகுஷிமா பிள்ளைகளிடம் பருமன் விகிதம் உயர்ந்ததை 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு காட்டியது. 2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோதும் நாடு முழுவதும் உயர்வு தெரிந்தது. அந்த ஆண்டு உடல் அளவெடுப்பு வழக்கமான ஏப்ரல்–ஜூன் காலத்தைத் தாண்டி நடந்ததால் முந்தைய ஆண்டுகளோடு அப்படியே ஒப்பிடக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பள்ளி உணவு கிடைக்காத விடுமுறை நாட்களில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் என்ன உண்கிறார்கள் என்பது மற்றொரு கவலை. இலவசமாகவோ குறைந்த விலையிலோ உணவு தரும், தன்னார்வலர்கள் நடத்தும் சிறுவர் உணவகங்கள் இன்று பத்தாயிரத்தைக் கடந்திருப்பது அந்தத் தேவையையும் உணர்த்துகிறது.

2016 முதல் பள்ளி மருத்துவப் பரிசோதனையில் ஒவ்வொரு பிள்ளைக்கும், வயதுக்கேற்ப உயரமும் எடையும் மாறுவதைக் காட்டும் வளர்ச்சி வரைகோட்டைப் பயன்படுத்துமாறு வலியுறுத்துகிறார்கள். ஒரு சிறுமி தன் வழக்கமான கோட்டிலிருந்து கீழே நழுவுவதை, 20 விழுக்காடு எல்லையை அவள் தொடும் முன்பே அதில் கண்டுகொள்ளலாம். இதைப் பள்ளிகள் எவ்வாறு பயன்படுத்துகின்றன என்பதைப் பள்ளி மருத்துவர்களிடமும் சுகாதார ஆசிரியர்களிடமும் கேட்டுத் தங்கள் இதழ் ஒரு தொடர் கட்டுரை வெளியிட வேண்டும் என்றும், அதில் பருமன் விகிதத்துக்குப் பக்கத்திலேயே மெலிவு விகிதத்தையும் அச்சிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகி,
எடோகாவா, டோக்கியோ