ஒன்றரை மாத ஊசி

அன்புள்ள கயல்,

வரும் புதன்கிழமையோடு குட்டிக்கு ஒன்றரை மாதம் முடிகிறது. “இப்பவே எதுக்கும்மா இத்தனை ஊசி, ஒரு வயசு ஆகட்டுமே” என்று நேற்று போனில் கேட்டாய். எழுதினால் மாப்பிள்ளையும் படிப்பார் என்றுதான் இந்தக் கடிதம்.

கேட்டதில் தப்பே இல்லை. நான் கிராம செவிலியராக இருந்தபோது வாய்விட்டுக் கேட்ட தாய்மார்களைப் பற்றி எனக்குக் கவலை இருந்ததில்லை. தலையாட்டிவிட்டு, ஊசி நாளன்று வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவர்கள்தான் அலைய வைத்தார்கள்.

புதன்கிழமை போடும் ஊசிகளில் ஒன்று ஐந்து நோய்களைத் தடுப்பது, அதில் கக்குவான் இருமலுக்கும் மருந்து இருக்கிறது. நமக்கு வந்தால் வாரக்கணக்கில் இருமித் தீர்ப்போம். கைக்குழந்தைக்கு இருமக்கூடத் தெம்பு இருக்காது. மூச்சு விட்டு விட்டு வரும், உதடு நீலம் பாரிக்கும். அது உயிரைக் குடிப்பது பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான். ஒரு வயது வரை காத்திருந்தால், திருடன் போன பிறகு பூட்டு வாங்கின கதை. தள்ளிப்போட வேண்டிய ஊசியை அரசாங்கமே தள்ளித்தான் வைத்திருக்கிறது. தட்டம்மை ஊசி ஒன்பது மாதம் முடிந்துதான். உன்னிடமிருந்து குட்டிக்கு வந்த எதிர்ப்புச் சக்தி அதற்கு முன் அந்த மருந்தை வேலை செய்ய விடாது.

மாப்பிள்ளை அனுப்பிய வீடியோவையும் பார்த்தேன். ஊசியால் ஆட்டிசம் வரும் என்ற பேச்சு 1998இல் இங்கிலாந்தில் வேக்ஃபீல்டு என்ற மருத்துவர் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையால் பரவியது. அதை வெளியிட்ட இதழே 2010இல் திரும்பப் பெற்றது. அவருக்கு மருத்துவராக இருக்கும் உரிமையும் போனது. பிறகு டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைப் பல வருடம் கவனித்தும் அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை.

2017இல் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டபோதும் இதே வாட்ஸ்அப் கூத்துதான். “என் மகளுக்கு வேண்டாம்” என்று நோட்டுத்தாளில் எழுதிக் கொடுத்தனுப்பினார்கள். ஒரு அப்பா மட்டும் நேரில் வந்து மருந்துக் குப்பியைக் காட்டச் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. நீயும் கேள். அரசு மருந்துக் குப்பியில் ஒரு வட்டமும் அதற்குள் சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்து சூட்டில் கெடவில்லை என்று அர்த்தம். சூடு பட்டுக் கெட்டிருந்தால் இரண்டும் ஒரே நிறமாகியிருக்கும். அதைப் போடவே மாட்டார்கள்.

போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இரு. ராத்திரி காய்ச்சல் வரலாம். பாராசிட்டமால் சொட்டு எத்தனை என்று நர்ஸிடமே கேட்டுக்கொள், எடைக்குத் தகுந்த மாதிரி சொல்வார். தொடையைத் தேய்க்காதே, சூடான ஒத்தடமும் வேண்டாம், பால் மட்டும் கொடுத்துக்கொண்டே இரு. விடாமல் மூன்று மணி நேரம் அழுதாலோ வலிப்பு வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. அப்புறம், பிறந்ததும் இடது கையில் காசநோய்க்காகப் போட்ட பிசிஜி ஊசி இடத்தில் கொப்புளம் வந்து சீழ் கோக்கும். அது தானாகவே ஆறிவிடும். உன் மாமியார் மஞ்சள் பூச வருவார், மரியாதையாகத் தடுத்துவிடு.

செவ்வாய் சாயங்கால பஸ்ஸில் கிளம்பி வருகிறேன். தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்து வை, உனக்கு எதை எங்கே வைத்தோம் என்பதே நினைவிருக்காது.

அம்மா